நாற்காலி நுனி

...கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை, இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசு கண்ணு என்று மனதுக்குள் சொன்னேன், அது எட்டியதுபோல் மகள் குரலை உயர்த்தினாள், முன்வரிசையில் மூன்று பேர், இந்த ஒரு வகுப்பை வைத்துத்தான் இந்தக் கல்லூரியில் அவளுக்கு வேலை தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறவர்கள், நடுவில் சமூகவியல் துறைத்தலைவர், தலையாட்டுகிறாரா, பின்னாலிருந்து அவர் வழுக்கைதான் தெரிகிறது... மெஷினுக்குச் சொந்தக்காரனுக்கும் அதை ஓட்டுகிறவனுக்கும் நலன் ஒன்றாகாது, மோதல் அங்கேதான் பிறக்கிறது என்று அந்தக் காலத்து அறிஞர் ஒருவர் சொன்னாராம், சொத்து மட்டும் போதாது, மரியாதை யாருக்கு, அதிகாரம் யாரிடம், அதையும் பார் என்றாராம் இன்னொரு அறிஞர், மகள் தாளைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனாள், என் வயிற்றில் கிடந்தவளா இவள்? நேற்று தையல் கம்பெனியில் லீவு கேட்டபோது பக்கத்து மெஷின் அக்கா சிரித்தாள். "வர்க்கப் போராட்டத்துக்கு எதுக்குடி காலேஜு? நம்ம சூப்பர்வைசர்கிட்ட ஒரு நாள் வந்து உக்காரச் சொல்லு." சொல்லிவிட்டுத் தன் நல்ல கைப்பையை எனக்குக் கொடுத்ததும் அவள்தான், இப்போது அது என் மடியில், கீறல் விழாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும்...

மூன்றாவதாக ஒருவர் சொன்னாராம், ஏற்றத்தாழ்வு உடம்பிலும் குடியேறிவிடும் என்று. "நாற்காலி பழகினவங்க சாஞ்சு உக்காருவாங்க. மத்தவங்க நுனியில உக்காருவாங்க, எப்ப வேணா எழுந்திருக்கச் சொல்லிடுவாங்கன்னு." மாணவர்கள் சிரித்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். நுனியில்தான் இருந்தேன். என்னையா சொல்கிறாள், பயமா, எனக்கா? காலர் தைக்கிறவள் ஸ்டூல் நுனியில்தான் உட்கார வேண்டும், பின்னால் தள்ளிப்போனால் பெடல் காலுக்கு எட்டாது, அது தொழில், பயமில்லை, அந்தப் பெடலை மிதித்து மிதித்துத்தான் அவளை அங்கே நிறுத்தியிருக்கிறேன், இதை எந்த அறிஞர் எழுதினார்? பின்னால் நகர்ந்தேன், முதுகு சாய்மானத்தைத் தொட்டது, கால் தரையைவிட்டுக் கொஞ்சம் எழும்பியது, எழும்பட்டும், நன்றாகவே சாய்ந்தேன், இவளைப் பெற்றவள் வேறு எப்படி உட்காருவாள்...

கைதட்டினார்கள், நானும் தட்டினேன், கைப்பை கீழே விழுந்தது, எடுக்கவில்லை. துறைத்தலைவர் எழுந்தார். "நல்லா இருந்தது. அடுத்த மாசம் வந்து சேர்ந்துடுங்கம்மா. உக்காருங்க, பேசலாம்." கிடைத்துவிட்டது, அக்காவிடம் முதலில் சொல்ல வேண்டும், இல்லை, சூப்பர்வைசர் காதில் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும்... அவர் காட்டியது கைப்பிடி வைத்த பெரிய நாற்காலி. மகள் கூட்டத்தில் என்னைத் தேடிச் சிரித்தாள், சாய்ந்தபடியே கையை உயர்த்தினேன், பார், உன் அம்மா எப்படி உட்கார்ந்திருக்கிறாள் பார். அவளும் உட்கார்ந்தாள். நுனியில். முதுகு விறைத்து, வலது கால் கொஞ்சம் முன்னால்... மெஷின் பக்கமே அவளை விட்டதில்லை நான், ஒரு பட்டன்கூட அவளுக்குத் தைக்கத் தெரியாது, அங்கே, அவள் காலடியில், பெடல் எங்கே இருக்கிறது?