சாமி சொன்ன மதி

ஏழு வருஷம் நான் கட்டன் சாயா மட்டுமே குடித்தேன். பால் ஒத்துக்கொள்ளாது என்று ஆபீஸில் சொல்லி வைத்திருந்தேன். உண்மை வேறு. எந்தப் பாத்திரத்தில் பாலை ஊற்றினாலும், முதல் சொட்டு விழுந்த உடனே என் இடது காதோரம் அப்பா "மதி" என்பார். மதி என் பெயர் இல்லை. அப்பா அதற்கு முன்பே செத்துப்போயிருந்தார்.

கதை அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். குரல் கேட்கும், திரும்பிப் பார்த்தால் சுவர் இருக்கும், அதில் மின்சார வாரியத்தின் காலண்டர் தொங்கும். பழகிவிட்டது என்று சொன்னால் பொய். பழகவே இல்லை. பால்காரனை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான்.

அப்பா பெயர் லக்ஷ்மிநாராயணன். தாத்தா காலத்தில் பாலக்காட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்த குடும்பம். பஜார் ரோட்டில் ஒரு சுக்கு கோடவுனில் கிளார்க்காக இருந்தவர், எழுபத்தொன்றில் ஒரு நாள் வேலையை உதறிவிட்டு வந்து முன்கூடத்தில் ஜால்ராவோடு உட்கார்ந்தார். நாமம் பாட ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த தத்துவம் ஒன்றே ஒன்றுதான்: பகவானிடம் எதையும் கேட்காதே, பேரைச் சொல்லிக் கூப்பிடு, வந்தால் வரட்டும். என் கல்யாணம், வீட்டு அரிசி எல்லாமே அந்தத் தத்துவத்தின் பொறுப்பில் விடப்பட்டன. அரிசி என் டைப்ரைட்டர் சம்பளத்தில் வந்தது. கல்யாணம் வரவில்லை.

கேட்க வந்தவர்கள் எங்கள் உறவுக்காரர்கள் அல்ல. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, காயலுக்கு அந்தப் பக்கம் வாத்துருத்தியில் ஓலைக் குடிசை போட்டிருந்த ஜனங்கள். கோடவுனில் மூட்டை தூக்குபவர்கள், கட்டடத்தில் கல் சுமப்பவர்கள். முதலில் வந்தவள் ஒச்சம்மாள். தலையில் சும்மாட்டோடு வாசலில் நின்று கேட்டவளை அப்பா உள்ளே கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். மறுவாரம் அவள் மகன் வீரபாண்டி வந்தான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை போட் முழுக்க அவர்கள்தான். வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். குடித்துவிட்டுப் படகுத்துறையில் விழுந்து கிடந்த வீரபாண்டி குடியை விட்டான். அதை நான் மறுக்க முடியாது.

அப்பாவின் தமிழில் பாதி மலையாளம். அது அவர்களுக்கு வேதவாக்கு. ஒருமுறை ஒச்சம்மாள் பாயசப் பாத்திரத்தைத் தட்டிவிட்டாள். அப்பா "சாரமில்லை, சாரமில்லை" என்றார். பரவாயில்லை என்பதற்கு இந்த ஊரில் எல்லோரும் சொல்வது அது. கூடத்தில் இருந்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். "இந்த ஒலகத்துல சாரமே இல்லைன்னு ஒத்த வார்த்தையில சொல்லிட்டாரு சாமி" என்று வீரபாண்டி கரிக்கட்டியால் சுவரில் எழுதிவைத்தான். நான் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அப்பாவிடம் சொன்னதற்கு, "போட்டேடி, அதுவும் சரிதானே" என்றார், போகட்டும் விடு என்கிற மாதிரி. அன்றிலிருந்து அந்த ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் தெரிந்தவள் நான் என்று ஒரு நினைப்பு எனக்கு வந்துவிட்டது.

எழுபத்தொன்பது ஆனியில் அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணிவிட்டது, பேச்சு இல்லை. ஆறு மாதம் நான் ஒருத்திதான் துடைத்தேன், புரட்டினேன், மாற்றினேன். களைத்துப்போனேன் என்று சொல்வது மரியாதையான பேச்சு. வெறுத்துப்போனேன். மார்கழி முதல் வாரத்தில் டாக்டர் வந்து பார்த்து, நன்றாகத் தேறி வருகிறார், தைக்குள் எழுந்து உட்காருவார் என்றார். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு அழுகை வந்தது. எழுந்து உட்கார்ந்தால் இன்னும் பத்து வருஷம். "மூணு தலகாணி வச்சு நிமித்திக் கொடுங்கோ. படுக்கவச்சுக் குடுத்தா நெஞ்சுக்குள்ளே போயிடும்" என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் விடியற்காலையில் அப்பாவுக்குக் கொஞ்சம் காய்ச்சல். அது வாத்துருத்திக்குப் போய்ச் சேர்வதற்குள், சாமிக்கு இன்றைக்குப் பொழுது தாங்காது என்று ஆகிவிட்டது. காலை ஒன்பது மணிக்குள் தெருக்கோடி வரை வரிசை. எல்லோர் கையிலும் பால்.

ஒச்சம்மாள் முன்னால் வந்தாள். கையில் பாலாடை, குழந்தைக்குப் பால் புகட்டுவோமே அது.

"தாயி, சாமிக்குக் கடைசிப் பாலு ஊத்திக்கிடுறோம். எங்க வழக்கம். இல்லைன்னா எங்க மனசு ஆறாது."

கடைசி இல்லை, பிழைத்துக்கொள்வார் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் பாலாடையை அப்பாவின் வாயில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொருவராக வந்து அதில் ஊற்றினார்கள். ஏழாவதோ எட்டாவதோ ஆள் ஊற்றும்போது அப்பாவின் வலது கை எழும்பியது. சாப்பாட்டு இலையின்மேல் குறுக்கே நீட்டுவோமே, அந்த மாதிரி இரண்டு விரல். ஆறு மாதம் கழித்து முதல் தடவையாக வாய் திறந்து பேசினார்.

"மதி."

முதல் எழுத்தைச் சுருக்கி, கடைசியைத் தாழ்த்தி, போதும் என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் அதே மாதிரி. மறுபடியும் "மதி".

"சாமி வாக்கு சொல்லிட்டாரு!" என்று யாரோ கத்தினார்கள். வரிசை முழுக்க "மதி, மதி" என்று திருப்பிச் சொன்னது. நாமத்தை முன்னால் அவர் பாடினால் பின்னால் அவர்கள் பாடுவதுதானே அந்த வீட்டுப் பழக்கம். அவர் சொன்னார், அவர்கள் சொன்னார்கள். பால் நிற்கவில்லை. மூக்கு வழியாக வந்தது, நுரைத்தது. பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

நான் தலைமாட்டிலேயே நின்றிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான் என் குற்றம் என்று எனக்கு நானே ஏழு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மதி என்றால் அறிவு, மதி என்றால் நிலா, சாமி போகும்போது இரண்டையும் கொடுத்துவிட்டுப் போனார் என்று வீரபாண்டி சுவரில் பெயிண்ட் அடித்து எழுதினான். எங்கள் முன்கூடம் சபை ஆயிற்று. அப்பாவுக்குக் கல்லில் ஒரு மார்பளவுச் சிலை வந்தது. ஒவ்வொரு மார்கழியிலும் அதன் தலையில் பால் ஊற்றி, முந்நூறு பேர் "மதி, மதி" என்று பாடுவார்கள். கோயமுத்தூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். எல்லோரும் பாடி நிறுத்திய பிறகு, ஒரு மூச்சு தள்ளி, ஒற்றைக் குரல் தனியாக ஒரு தடவை சொல்லும். முதல் எழுத்து சுருக்கி, கடைசி தாழ்த்தி. சிலையின் கல் உதட்டோரம் அப்போது நுரை கட்டியிருக்கும். துடைத்தால் மறுபடியும் கட்டும். நான் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

எண்பத்தாறு மார்கழியில் ஒச்சம்மாள் படுத்துவிட்டாள். மூன்று வாரமாகக் காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை. சாமி படுத்த கட்டிலில் படுத்தால்தான் உயிர் நிம்மதியாகப் போகும் என்று அடம்பிடித்தாளாம். ஆராதனை அன்று காலை வீரபாண்டி அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போட் ஏறி வந்தான். அதே கட்டில். தெருக்கோடி வரை அதே வரிசை. அவள் முந்தானையிலிருந்து அதே பாலாடையை எடுத்து மகனிடம் கொடுத்தாள்.

மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். "மதி, மதி" என்று கூடம் ஆரம்பித்தது. வீரபாண்டி முதல் பாலை ஊற்றினான். ஒச்சம்மாளின் தொண்டைக்குள் களகளவென்று ஒரு சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம்.

இந்தத் தடவை நான் பாய்ந்தேன். அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளி, ஒச்சம்மாளின் வாய்க்குக் குறுக்கே என் கையை வைத்தேன்.

"நிறுத்துங்கோ! மதின்னா அறிவுமில்லே, நிலாவுமில்லே. போதும்னு அர்த்தம். அப்பா போதும் போதும்னு சொன்னார். நீங்க ஊத்தி ஊத்திக் கொன்னுட்டேள்!"

பாட்டு நின்றது. யாராவது கத்துவார்கள், அழுவார்கள் என்று பார்த்தேன். வாத்துருத்தியின் பழைய முகங்கள் முன்வரிசையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

ஒச்சம்மாள் கண்ணைத் திறந்தாள். என் கையை மெதுவாக விலக்கினாள்.

"தெரியும் தாயி."

"என்ன தெரியும்?"

"வருஷக்கணக்கா இந்த ஊருல மூட்டை தூக்குனவ நான். வண்டி நெறஞ்சா மேஸ்திரி மதின்னுதானே சொல்லுவாரு." மூச்சு வாங்கினாள். "அன்னிக்கு நான் ஒன் மொகத்தப் பாத்தேன். நிறுத்தவான்னு பாத்தேன். நீ தலையாட்டுன. ஊத்துன்னு ஆட்டுன."

ஆட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு ஆட்டினேன். அவர்கள் வருவதற்கு முன்பே தலையணை மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்ததும் நான்தான். இதை எழுதவே இவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கிறது.

"செவுத்துல எழுதுனது ஊருக்காகத்தான்க்கா" என்றான் வீரபாண்டி, தலையைக் குனிந்துகொண்டு. "யாராச்சும் கேட்டா சொல்ல ஒண்ணு வேணும்ல."

"தெரிஞ்சுண்டேயா வருஷா வருஷம் அதையே பாடினேள்?"

"ஒனக்குத்தான் பாடுனோம்" என்றாள் ஒச்சம்மாள். "சாமி சொன்னது ஒங்கிட்டதான? நீ வாயத் தொறக்குற வரைக்கும் யாராச்சும் சொல்லிக்கிட்டே இருக்கணும்ல. எங் கையுந்தான் ஊத்துச்சு. இப்ப நீ ஊத்து."

நான் அலமாரியைத் திறந்தேன். தலையணை மூன்றையும் எடுத்து அவள் முதுகுக்குக் கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்தேன். வீரபாண்டி கையிலிருந்து பாலாடையை வாங்கி அவள் வாயில் வைத்து, பாலை ஊற்றினேன். முதல் சொட்டு விழுந்தது. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அப்பா சொல்லவில்லை. இரண்டாவது பாலாடை, மூன்றாவது. ஒன்றுமில்லை. காதோரம் வெறும் காற்று. ஒச்சம்மாள் என் கண்ணையே பார்த்தபடி விழுங்கினாள். எப்போது நிறுத்துவது என்று சொல்ல யாரும் இல்லாமல் என் கை தானாகச் சாய்ந்துகொண்டே இருந்தது. பால் அவள் கடைவாயில் வழிந்தது. அவளுடைய இரண்டு விரல் மெல்ல எழும்பியது.

"மதி" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. என் குரல் இல்லை. முதல் எழுத்து சுருங்கி, கடைசி தாழ்ந்து, அப்பாவின் கோணிய வாயில் வந்த அதே சொல்.

வீரபாண்டி நிமிர்ந்து பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "சாமி" என்று என் காலில் விழுந்தான். முன்வரிசை விழுந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர்கள், எதுவும் சரியாகக் காதில் விழாத வெளியூர்க்காரர்கள், பால் செம்புகளைத் தரையில் வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் குனிந்தார்கள்.

எழுந்திருங்கோ, நான் சாமி இல்லை, அப்பாவைக் கொன்றவள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேறு சொல் வரவில்லை. குறுக்கே கையை நீட்டி, "மதி, மதி" என்றேன்.

தெருக்கோடி வரை அதைத் திருப்பிச் சொன்னார்கள்.