அடைப்புக்குறிக்குள் ஒரு வரி

அமெஸியான் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவன் கையில் மாண்டோலா இல்லை. அது இல்லாமல் அவனை நான் பார்த்ததே குறைவு. விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கிறிஸ்தவ சபையில் பாட்டுக்கு அந்தத் தந்தி வாத்தியத்தை வாசிப்பவன் அவன்தான். அந்த விரல்களைப் பார்த்தால் ஈயைக் கூட அடிக்க மாட்டான் என்று தோன்றும். எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியது. என் தங்கை மல்ஹாவை அவனுக்குக் கட்டிவைத்தபோது எனக்கும் தோன்றியது.

"அக்கா, மல்ஹா போயிட்டா. செவ்வாக்கிழமை."

"எங்க?"

"அஸஸ்காவுல ஏதோ ரொட்டிக் கடையாம். சபையில நான் தலை காட்ட முடியல. நீங்க போய் வேதத்துல அந்த இடத்தை அவளுக்குப் படிச்சுக் காட்டுங்க. நீங்க படிச்சா கேப்பா."

"எந்த இடத்தை?"

"என்னக்கா தெரியாத மாதிரி கேக்கறீங்க? நீங்க எழுதினதுதானே." கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான். மனைவி கணவனை விட்டுப் பிரியக் கூடாது, கணவன் மனைவியைத் தள்ளிவிடக் கூடாது. "ரெண்டு பேருக்கும்தான் சட்டம் போட்டிருக்கு. நான் அவளைத் தள்ளிவிட்டேனா? ஒரு நாளாவது வீட்ட விட்டுப் போடின்னு சொல்லியிருப்பேனா?"

சொன்னதில்லைதான். அடித்திருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முந்தைய பனிக்காலத்தில் அவன் அடித்த அடியில் மல்ஹாவுக்கு இடது காது போய்விட்டது. பனியில் வழுக்கி விழுந்தேன் என்று ஊருக்குச் சொன்னாள், எனக்கு மட்டும் உண்மையைச் சொன்னாள். அவள் பிரியாமல் இருந்தாள், அவன் தள்ளாமல் இருந்தான், வசனம் பழுதில்லாமல் நிறைவேறிக்கொண்டிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவன் வாசலில் வந்து நின்ற அன்றைக்கும் நான் அவனுக்குக் காபி கொடுத்துத்தான் அனுப்பினேன். போய்ப் படிக்கிறேன் என்றும் சொன்னேன்.

பதினோரு வருடமாக இதுதான் என் வேலை. பவுல் எழுதிய கடிதங்களைப் பிரெஞ்சிலிருந்து எங்கள் மலையில் பேசும் கபைலி மொழிக்குக் கொண்டுவருகிறேன். ஒருத்தி உட்கார்ந்து எழுதினால் அது வேதமாகிவிடாது. அதற்கு முறை இருக்கிறது. முதலில், அதுவரை அந்தப் பகுதியைக் கேட்டிராத ஒருவருக்கு இரண்டு தடவை படித்துக் காட்ட வேண்டும். பிறகு, "என்ன கேட்டீங்க?" என்று கேட்க வேண்டும். அவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வதையும், அவருக்கு வரும் சந்தேகத்தையும் தாளில் எழுத வேண்டும். நாம் பதில் சொல்லக் கூடாது.

அடுத்தது திரும்பு மொழிபெயர்ப்பு. நான் கபைலியில் எழுதியதை, பிரெஞ்சு பைபிளைப் பார்த்தே இராத ஒருவர் மறுபடி பிரெஞ்சில் எழுதுவார். எங்கள் ஆலோசகர் ஹாலந்துக்காரர், வருடத்துக்கு இரண்டு முறை வருவார். அவருக்குக் கபைலியில் காலை வணக்கம் கூடத் தெரியாது. இந்தத் திரும்பு மொழிபெயர்ப்பைப் படித்துத்தான் நான் எங்கே கூட்டினேன், எங்கே குறைத்தேன் என்று கண்டுபிடிப்பார். அதனால் அதை எழுதுகிறவருக்கு பைபிள் தெரியவே கூடாது. தெரிந்தால், தாளில் இருப்பதை விட்டுவிட்டு மனதில் இருப்பதை எழுதிவிடுவார்.

அதற்கு எங்களுக்குக் கிடைத்தவர் பெலாயித் வாத்தியார். எனக்குப் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தவர். கடவுள், அரசாங்கம், தன் மச்சான் ஆகிய மூன்றையும் நம்பாதவர். இவரைவிடப் பொருத்தமான ஆள் இந்த மலையில் கிடைக்க மாட்டார் என்று ஆலோசகர் பூரித்துப் போனார்.

கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில் கல்யாணம் பற்றிய பகுதியை முடித்ததும், கேட்பதற்கு மல்ஹாவைத்தான் உட்கார வைத்தேன். நான்கு வருடம் ஆகிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் ஒரு தடவை கேட்டால் மறக்க மாட்டாள். கேட்டதை வரி பிசகாமல் சொன்னாள். அப்புறம் கேட்டாள்.

"அக்கா, தாங்கவே முடியாம ஒருத்தி போயிட்டான்னா? அவளுக்கு என்ன போட்டிருக்கு?"

அவள் கையில் அப்போது ஒரு நீலத் தழும்பு இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தாளில் அவள் கேள்வியை எழுதினேன். பதில் சொல்லக் கூடாது என்பது விதி. ஆனால் அன்றைக்கு விதியை மீறிச் சொன்னேன்: "அவளுக்கு ஒண்ணும் போடல மல்ஹா. இவ்வளவுதான் இருக்கு."

தாள் ஆலோசகரிடம் போய்த் திரும்பி வந்தது. மல்ஹாவின் கேள்விக்கு எதிரே பென்சிலில் எழுதியிருந்தார்: பதில் பாடத்திலேயே இருக்கிறது. பிரியக் கூடாது என்றால் கூடாதுதான், அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கடிதம் புத்தகமாக வந்தது. எண்ணூறு பிரதி. எல்லோர் கைப்பேசியிலும் என் குரலிலேயே ஒலிப்பதிவு. சபையில் பிரெஞ்சு படிப்பவர்கள் இல்லாமலில்லை. ஆனால் சொந்த மொழியில் வந்த பிறகு பழையதை யார் புரட்டுகிறார்கள்? எங்கள் பாஸ்டரே அதை அலமாரி உச்சிக்கு ஏற்றிவிட்டார்.

அமெஸியான் போன பிறகு மேசை முன் உட்கார்ந்தேன். மல்ஹாவிடம் வெறும் அந்த வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போக மனம் வரவில்லை. முன்னே பின்னே ஆறுதலாக ஏதாவது இருக்கிறதா என்று பிரெஞ்சுப் புத்தகத்தைத் திறந்தேன்.

மனைவி கணவனை விட்டுப் பிரியக் கூடாது என்பதற்கு அடுத்து ஒரு அடைப்புக்குறி இருந்தது. அதற்குள், அப்படிப் பிரிந்துவிட்டால் அவள் வேறு கல்யாணம் செய்யாமல் தனியாக இருக்கட்டும், இல்லையென்றால் கணவனோடு சமாதானமாகட்டும் என்று இருந்தது. அதற்குப் பிறகுதான் கணவன் தள்ளிவிடக் கூடாது என்பது.

என் புத்தகத்தைத் திறந்தேன். அடைப்புக்குறி இல்லை. அதற்குள் இருந்தவளும் இல்லை.

நடந்தது என்னவென்று புரிய ஒரு நிமிடம் ஆகவில்லை. பிரெஞ்சில் அந்த இடத்தில் கணவன் என்ற சொல்லில் முடிகிற வாக்கியம் இரண்டு. முதல் கணவனை எழுதிவிட்டு நிமிர்ந்தவள், திரும்பக் குனிந்தபோது கண் இரண்டாவது கணவனில் போய் விழுந்திருக்கிறது. பார்த்து எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் நேர்வதுதான். நேரும் என்று தெரிந்துதானே இத்தனை காவல் போட்டார்கள்! தவறினவள் நான், சரி. பிடிக்க வேண்டியவர்கள் எங்கே போனார்கள்?

செருப்பை மாட்டிக்கொண்டு நேராகப் பெலாயித் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். ஒலிவ மரத்தடியில் வலை விரித்துக் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வா பொண்ணே, கை குடு. முதுகு ஒடியுது."

"வாத்தியாரே, கொரிந்தியர் கடிதத்துக்கு நீங்க எழுதின பிரெஞ்சு நகல் வேணும்."

என் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். உள்ளே போய்ப் பச்சை அலமாரியிலிருந்து தாள்கட்டை எடுத்து வந்தார். ஏழாம் அதிகாரம். மணிமணியான கையெழுத்தில் அந்த வரி முழுசாக இருந்தது. அடைப்புக்குறி கூட இருந்தது.

"நான் எழுதாதது இதுல எப்படி வந்துச்சு?"

வாத்தியார் வலையின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, உங்களைத்தான் கேக்கறேன்."

"ரெண்டாவது வருஷமே ஒரு பிரெஞ்சு பைபிள் வாங்கிட்டேன்" என்றார். "அல்ஜியர்ஸ் போனப்போ. முதல்ல சும்மா, அடுத்தது என்ன சொல்றார்னு பாக்கத்தான். நீ மாசத்துக்கு ஒரு அதிகாரம் குடுப்ப, எனக்குப் பொறுக்கல. அப்புறம்..."

"அப்புறம்?"

"அப்புறம் நம்பிட்டேன். என் பொண்டாட்டிக்குக் கூடத் தெரியாது."

வேறு எந்த நாளில் சொல்லியிருந்தாலும் அழுது கட்டிக்கொண்டிருப்பேன். அவருக்காக எத்தனை வருடம் ஜெபித்திருக்கிறேன்! அன்றைக்கு அந்த வரியில் விரலை வைத்துக் கேட்டேன்.

"நான் விட்டிருக்கேன்னு தெரிஞ்சுதா தெரியலையா?"

"தெரிஞ்சுது. நீ விட்டதை விட்ட மாதிரியே எழுதணும், அதுதான் வேலை, எனக்கா தெரியாது? பேனாவை எடுத்தேன், கை வரல. கடவுளோட பேச்சை நான் எப்படிம்மா குறைச்சு எழுதறது? பாவமில்லையா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்ப. பைபிள் படிச்ச ஆளை இந்த வேலையில வச்சுக்க மாட்டீங்க. எனக்கு வேற யார்கிட்ட இதப் பத்திப் பேச முடியும்? இந்தத் தாள்தான் எனக்கு இருந்துச்சு." கட்டைத் தொட்டுக் காட்டி, "எல்லாம் இந்த மாதிரி சின்னச் சின்ன இடம்தான். சரி பண்ணி வச்சிருக்கேன்" என்றார்.

"எதைச் சரி பண்ணீங்க? பிரெஞ்சைச் சரி பண்ணி வச்சிருக்கீங்க. பிரெஞ்சுல அது ஏற்கெனவே சரியாத்தான் இருக்கு வாத்தியாரே! எங்க புத்தகத்துல ஓட்டை ஓட்டையாவேதானே இருக்கு?"

"எத்தனை இடம்?" என்று கேட்டேன். "ஒரு நூறு இருக்கும்" என்றார்.

"நம்பாதவர்னுதான் உங்களை நம்பினோம்" என்றேன். கட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பதில் பாடத்திலேயே இருக்கிறது என்று ஆலோசகர் எழுதினாரே, பாவம், அவர் கையில் இருந்த வாத்தியாரின் பாடத்தில் இருந்தது.

அஸஸ்காவுக்கு வேன் பிடித்தேன். வழி முழுவதும் வாத்தியாரைத் திட்டிக்கொண்டே போனேன். அவரைத் திட்டுகிற வரைக்கும் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. மல்ஹாவிடம் போய்ச் சொல்ல வேண்டும்: நீ செய்தது குற்றமில்லை, உனக்கு அங்கே இடம் இருந்தது, எழுதியே இருந்தது. சொன்னால் அவள் முகம் தெளியும். என்னோடு வீட்டுக்கு வந்துவிடுவாள். அமெஸியான் வரட்டும், புத்தகத்தை அவன் முகத்துக்கு நேரே விரிக்கிறேன்.

ரொட்டிக் கடை ஒரு பெண்மணியின் வீட்டுக் கீழ்த்தளம். மல்ஹா ரவை மாவைத் தட்டி மண் கல்லில் போட்டுக்கொண்டிருந்தாள். வழக்கம்போல அவளுடைய வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.

"கூட்டிட்டுப் போக வந்தியா?" என்றாள்.

"இல்ல."

"அவன் அனுப்பிச்சானா?"

"அனுப்பினான். ஆனா அதுக்கு வரல."

"அக்கா, நான் தப்புன்னு தெரிஞ்சேதான் வந்தேன். அதனால நீ படிச்சுக் காட்ட வேணாம். எனக்கு மனப்பாடம். அடுத்த காதும் போயிடும்னு தோணிச்சு. கடவுளா காதான்னு யோசிச்சேன், காதுன்னு வந்துட்டேன். அன்னியிலேருந்து ஜெபம் பண்ணல. எந்த முகத்தோட பண்றது?"

"இல்லடி. கேளு."

படித்தேன். பிரெஞ்சைப் பார்த்து, அப்படியே வாய்வழியாகக் கபைலியில், விட்ட வரியோடு சேர்த்து. முறைப்படி இரண்டு தடவை. பழக்க தோஷம், முடித்ததும் "என்ன கேட்ட?" என்று கேட்டுவிட்டேன்.

"போகக் கூடாது. போயிட்டா, தனியா இருக்கட்டும்" என்றாள் மல்ஹா. கல்லில் ரொட்டி கருகும் வாசனை வந்தது. அவள் கவனிக்கவில்லை. "இது எப்போ போட்டாங்க?"

"இப்போ போடல. ஆதியிலேருந்தே இருக்கு."

"அப்போ அன்னிக்கு?"

"எழுதறப்போ என் கண்ணு தாண்டிடுச்சு. வாத்தியார் பிடிச்சிருக்கணும். அந்த மனுஷன் தெரிஞ்சே..."

"வாத்தியாரை விடு. நான் வாத்தியாரையா கேட்டேன்?" அவள் குரல் உயரவே இல்லை. "உன்னைத்தானே கேட்டேன். தாங்க முடியாம போயிட்டா என்னன்னு. பக்கத்துலதான் உக்காந்திருந்த. பிரெஞ்சுப் புத்தகம் உன் மடியில இருந்துச்சு. குனிஞ்சு பாத்தியா?"

பார்க்கவில்லை. நான் எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதைவிட, அந்த நீலத் தழும்புக்குப் பிறகு மேலே எதையும் பார்க்க எனக்கு விருப்பமில்லை. அமெஸியான் நன்றாக மாண்டோலா வாசித்தான்.

"நாலு வருஷம் கடவுள்கூடச் சண்டை போட்டேன்க்கா" என்றாள். "ஏன் என்னை அவன்கிட்டயே இருக்கச் சொல்றீங்கன்னு. அவர் சொல்லவே இல்ல. நீதான் சொல்லியிருக்க. அவர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கணும்."

"மல்ஹா, வீட்டுக்கு வா. எங்கூட இரு."

அவள் கருகின ரொட்டியை எடுத்து ஓரமாகப் போட்டாள். முக்காலியை அடுப்பின் அந்தப் பக்கம் நகர்த்தி உட்கார்ந்தாள். இப்போது அவளுடைய கேளாத இடது காது என் பக்கம் இருந்தது.

"என்ன சொல்லணுமோ, இப்போ சொல்லு" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். வரி வரியாக, எதையும் விடாமல், இரண்டு தடவை கேட்டேன். அவள் அடுத்த ரொட்டியைத் தட்டிக் கல்லில் போட்டாள்.