இருட்டில் வைத்த குழாய்

மூன்றாவது தடவையும் இருட்டில் வைத்த சோதனைக் குழாய் நாறவில்லை. எனக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

என் எட்டு மாத ஆராய்ச்சியே இவ்வளவுதான்: நாறும் கந்தகச் சேர்மத்தில் துளி சாயம் கலந்து நீல விளக்கின் கீழ் வைத்தால், வெளிச்சம் வாங்கிய சாயம் கந்தகத்திடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்கும். பறிகொடுத்த கந்தகம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். நாற்றம் போய்விடும். வெள்ளிக்கிழமை இதை ஆய்வு மதிப்பீட்டுக் குழு ஏற்றால்தான் என் பிஎச்.டி. தொடரும். விளக்கில்லாமலே நாற்றம் போனால் நான் எதைச் சொல்வது? இருட்டுச் சோதனையை முதலிலேயே செய்திருக்க வேண்டும். விளக்கடியில் நாற்றம் போன சந்தோஷத்தில் தள்ளிப்போட்டுவிட்டேன்.

"எங்கனா வெளிச்சம் பூந்திருக்கும், பாரு ஜாஸ்மின்" என்றார் வழிகாட்டி சம்பத் சார். பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாயம் கலக்காமலும் வைத்துப் பார்த்தேன். அப்போதும் நாறவில்லை. மூக்குதான் கெட்டுவிட்டதோ என்று கந்தகச் சேர்மத்தின் பாட்டிலையே திறந்து முகர்ந்தேன். நாற்றம் தாங்காமல் உடனே மூடினேன்.

"இன்னா பாப்பா, பேயறைஞ்ச மாரி நிக்கிற?" என்றார் குழாய்களைக் கழுவித் தரும் பட்டம்மாள் அக்கா. முன்பு ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பின் கழிவுநீர் லேபில் இருந்தவர்.

"இது நாறணும்க்கா. நாற மாட்டேங்குது."

அவர் முகமெல்லாம் பெருமை. "எப்புடி நாறும்? கடைசியா பெராக்சைடு ஊத்தில்ல அலசுறேன். ஷாப்புல அப்டித்தான் பண்ணுவோம். பஸ்ல யாரும் பக்கத்துல உக்காரலன்னு அழுதியே, அன்னிலேர்ந்து."

பெராக்சைடுக்கு வெளிச்சமும் வேண்டாம், சாயமும் வேண்டாம். அடியில் ஒட்டிய சொட்டே கந்தகத்துக்கு ஆக்சிஜனைக் கொடுத்துவிடும். நான் அழுததோ இந்த ஆராய்ச்சி தொடங்கிய முதல் வாரம்.

நோட்டைப் புரட்டினேன். எந்தப் பக்கத்தில் விளக்கு வேலை செய்தது, எந்தப் பக்கத்தில் அக்கா வேலை செய்தார்?

"தப்பா பண்ட்டனா பாப்பா?"

புதுக் குழாய்கள் இரண்டை நானே வெறும் தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். இரண்டிலும் ஒரே அளவு சேர்மமும் சாயமும் ஊற்றி, ஒன்றை விளக்கின் கீழும் ஒன்றை பீரோவிலும் வைத்தேன்.

வியாழன் காலை பீரோக் குழாயைத் திறந்தேன். நாறியது. ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு விளக்குக் குழாயைத் திறந்தேன். அதுவும் நாறியது. கொஞ்சம் கம்மியோ? மறுபடி முகர்ந்தேன். கம்மி மாதிரிதான் இருந்தது. இல்லை மாதிரியும் இருந்தது.

பட்டம்மாள் அக்காவைக் கூப்பிட்டு, எது எதென்று சொல்லாமல் நீட்டினேன். தோல் ஷாப்பில் இருபது வருடம் பழகிய மூக்கு. மாற்றி மாற்றி முகர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான் பாப்பா" என்றார், மெதுவாக.