கேரவனின் வலது பக்கம்

என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் இறந்தது அவிட்ட நட்சத்திரத்தில். அந்த நட்சத்திரத்தில் போனவரை வாசல் வழியாக எடுக்கக்கூடாது. படுத்திருந்த அறையின் சுவரை இடித்து அந்த வழியாக எடுக்க வேண்டும், அப்புறம் ஆறு மாதம் வீட்டை அடைத்துவிட வேண்டும். எங்கள் வடமாலபேட்டை பக்கத்தில் தமிழ்க்காரர், தெலுங்குக்காரர் இருவருமே இதைப் பார்ப்பார்கள். ஐயர் சொன்னார், இடித்தார்கள், எடுத்தார்கள். அன்று சாயங்காலமே செங்கல் வைத்துப் பூசி, வாசலுக்குப் பூட்டும் போட்டாயிற்று. நான் அழவில்லை. அழு அழு என்று நாலு பேர் முதுகைத் தட்டினார்கள். வரவில்லை, என்ன செய்ய?

சித்தூரில் இருக்கும் என் மகள் ரேகா வந்துவிடு என்றாள். அவள் மாமியார் பின்னால் நின்றுகொண்டு வாயே திறக்கவில்லை. அடைப்பு விழுந்த வீட்டுப் பொம்பளையை யார் உள்ளே சேர்ப்பார்கள்? நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மகன் ஆதிகேசவனின் ஷெட் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய வேன்களை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு, கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்து கேரவனாக மாற்றித் தருவது அவன் தொழில். அவனும் மருமகள் தேன்மொழியும் ஷெட்டின் ஆபீஸ் அறைக்குப் போனார்கள். பாதி முடிந்த கேரவன் ஒன்று நின்றுகொண்டிருந்தது. கட்டில் போட்டாயிற்று, ஃபேனும் ஓடியது. நான் அதற்குள் போனேன்.

அது திருப்பதியில் டிராவல்ஸ் வைத்திருக்கும் சுதீருடைய வண்டி. ஏதாவது சொல்லுவான் என்று பார்த்தோம். அவன் சந்தோஷமாகத்தான் ஒத்துக்கொண்டான்.

"இருங்கம்மா, இருங்க. மனுஷங்க இருந்து பாத்தாத்தானே தெரியும்? பெட்டு பக்கத்துல பெரிய கிட்டிகி, அதாம்மா ஜன்னல், அது வைக்கலாமா, இல்ல பீரோ மாதிரி கட்டலாமா, நீங்களே சொல்லிடுங்க."

கட்டிலை ஒட்டி வலது பக்கம் முழுக்க வெறும் தகடு. அங்கே பெரிய ஜன்னல் வைத்தால் அலமாரி போச்சு. அலமாரி வைத்தால் ஜன்னல் போச்சு. இரண்டையும் வைக்க அந்த வேனில் இடமில்லை. ஆதிகேசவன் சாக்பீஸால் தகட்டின் மேல் ஜன்னலை ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தான்.

"ஆம்பளைங்க வண்டி கட்டினா இப்டித்தான்" என்றாள் தேன்மொழி. "திருமலைக்குப் போற குடும்பம் கைக்கொழந்தையோட, பாயோட, சோத்துக் குண்டானோட வரும். அதெல்லாம் ஜன்னல்லயா மாட்டுவாங்க?"

"ஜன்னல் இல்லாத கேரவன் இன்னாத்துக்கு? தக்காளி ஏத்திக்கினு போற லாரியிலயே போலாமே. காத்து வரலன்னா படுத்தவன் வெந்துடுவான்."

"அதான் ஏசி வைக்கிறியே."

"வண்டி நின்னா ஏசியும் நிக்கும்டி. நீ போய் டீ போடு."

"டீயும் நிக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் அங்கேயே நின்றாள்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஷெட்டுக்கு வலது பக்கம் தடுப்பு கிடையாது. அங்கே ஜன்னல் வெட்டினால் நேராகத் தெரிவது எங்கள் வீட்டுச் சுவர். அதில் புதுசாகப் பூசிய இடம். படுத்தாலும் எழுந்தாலும் அது தெரியும். அதைப் பார்க்காமல் ஆறு மாதத்தை ஓட்டிவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"அலமாரி வை நைனா" என்றேன்.

"எதுக்குமா?"

"சாமான் வைக்க."

அவன் ஒரு மாதிரி பார்த்தான். ஆனால் கட்டிக்கொடுத்தான். ப்ளைவுட் வாங்க திருப்பதிக்குப் போய்வந்தான். மேலே மூன்று தட்டு, கீழே படுக்கை மடித்து வைக்கப் பெட்டி, வண்டி ஓடும்போது கதவு திறந்துகொள்ளாமல் இருக்கக் கொக்கி. தேன்மொழி தட்டுகளில் பேப்பர் விரித்துக் கொடுத்தாள். பகலிலும் உள்ளே இருட்டாகிவிட்டது. லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இல்லாவிட்டால் போடாமல் உட்கார்ந்திருப்பேன். இரண்டும் எனக்கு ஒன்றுதான். வேளைக்குத் தேன்மொழி தட்டை நீட்டுவாள், "துன்னுங்க அத்த" என்பாள், துன்னுவேன். அது உப்புமாவா களியா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆடி போய் ஆவணி வந்தது. சுதீர் வந்து ஏறிப் பார்த்தான். அலமாரிக் கதவைத் தொட்டான், தலையைச் சொறிந்தான்.

"ஆதி, ஒண்ணும் தப்பா நெனச்சிக்காத. புக்கிங் பண்றவங்க போட்டோ கேக்குறாங்க. படுத்துக்கினே மலையப் பாக்கணுமாம். மலை மேல இல்லாத காணிப்பாக்கம் கோயிலுக்குப் போறவன் கூட மலை கேக்குறான்பா. கிட்டிகி இல்லன்னா இந்த வண்டி ஓடாது."

"மூட்டைய எங்க வைப்பாங்க?"

"கால் மாட்டுல வச்சிக்கட்டும். போட்டோல மூட்டை தெரியாது இல்ல?"

அவன் போன மறுநாள் காலையில் ஆதிகேசவன் ஸ்க்ரூ டிரைவரோடு ஏறினான். தேன்மொழி சாமான் வாங்கி இறக்கக் கீழே கூடையோடு நின்றாள்.

"மா, உன் சாமானெல்லாம் எடுத்துக்கோ."

"எடுக்க ஒண்ணுமில்ல. நீ கழட்டு."

அவன் கொக்கியை நீக்கித் திறந்தான். ப்ளைவுட் வாசனை வந்தது. தட்டுகளில் தேன்மொழி விரித்த பேப்பர் விரித்தபடியே இருந்தது. என் இரண்டு புடவையும் கட்டில்காலில் மாட்டிய கவரில் இருந்தன. மற்றதெல்லாம் பூட்டின வீட்டுக்குள். அடைப்பு முடிகிறவரை எடுக்கக்கூடாது.

"இன்னா அத்த, காலியா கீது" என்றாள் தேன்மொழி. "இத்தன நாளா இதுல இன்னாத்த வச்சிருந்தீங்க?"

ஆதிகேசவன் அலமாரியைப் பார்த்தான். இறங்கி வண்டியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனான். அங்கிருந்து வீட்டுச் சுவர்தான் தெரியும். திரும்பி வந்து படியில் நின்றான்.

"வண்டிய திருப்பி நிறுத்தட்டாமா?"

"திருப்பினா வாசல்படி அந்தப் பக்கம் வரும்."

"சுதீர்கிட்ட ஜன்னல் முடியாதுன்னு சொல்லிடறேன்."

"வண்டி அவனுது. வெட்டு நைனா."

"உள்ள இருந்து யாராச்சும் தகட்டப் புடிக்கணும். இல்லன்னா கடைசில தொங்கி மடிஞ்சிக்கும். நீ கீழ எறங்கு, தேனு புடிப்பா."

"நான் இங்கதான கீறேன். நானே புடிக்கிறேன்."

தேன்மொழி வாயைத் திறந்தாள். அவன் கையைக் காட்டியதும் மூடிக்கொண்டாள். என் கைக்குப் பழைய கோணித் துண்டு கொடுத்தார்கள். அலமாரியைப் பலகை பலகையாகக் கழற்றி எடுத்ததும், பின்னால் அந்தச் சாக்பீஸ் கோடு அழியாமல் இருந்தது. ஆதிகேசவன் வெளியிலிருந்து கிரைண்டரைப் போட்டான். தகடு கையில் அதிர்ந்து சூடேறியது. மேல் கோடு வெட்டுப்பட்டு ஒரு கீற்று வெளிச்சம் வந்தது. பிறகு இரண்டு பக்கமும். கடைசியாக அடிப்பக்கம் விட்டதும் தகடு முழுசாக என் மேல் சாய்ந்தது. இறக்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

சுவர் இருந்தது. பூச்சு காய்ந்து வெளுத்திருந்தது. அதன் மேல் தேன்மொழி கொடி கட்டி ஆதிகேசவன் லுங்கியைக் காயப்போட்டிருந்தாள். இத்தனை நாளும் அந்த ஓட்டை என் நினைப்பில் சுவர் அளவுக்கு இருந்தது. அங்கே பார்த்தால் ஒரு மூட்டை நுழைகிற அளவுதான். அவரோ நெட்டை ஆள். தூக்கினவர்கள் குனிந்து, அவரைச் சாய்த்து, அவர் தோள் சுவரில் இடிக்க எடுத்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

எதிரே வெட்டிய ஜன்னலை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்தேன்.

"இதுல உங்கப்பா தாராளமா போயிருப்பாரு" என்றேன்.

வெளியே ஆதிகேசவன் கிரைண்டரை நிறுத்தினான். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு ஓட்டை வழியாக என்னைப் பார்த்தான். நான் அழுகிறேனா என்று பார்த்தான் போல. நான் அழவில்லை.

"ஸ்கிரீன் ஒண்ணு போட்டுத் தரட்டாமா?"

"அப்பறமா பாக்கலாம்."

"ஃப்ரேம் வைக்கணும். அந்தப் பக்கம் புடி."

பிடித்தேன்.