பொதுமக்கள் வரிசை

அடிவயிறு கல்லாக இறுகிக் கிடந்தது. விடியலில் ஸ்டேஷனை விட்டு வந்தவள் இளவேனில். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது, இன்னும் ஒருமுறைகூட ஒதுங்கவில்லை. பந்தோபஸ்து அன்றைக்குப் பெண் போலீஸ் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று பயிற்சியில் யாரும் சொல்லித் தருவதில்லை. முதல் மாதத்திலேயே உடம்பு தானாகப் படித்துக்கொள்ளும். படித்தும் என்ன, உடம்பு உடம்புதானே. இறுக்கிப் போட்ட பெல்ட்டுக்குக் கீழே யாரோ கடப்பாரையை ஊன்றித் திருகுவது போலிருந்தது. அந்தியூர்ப் பக்கம் கரும்பு வெட்டக் கூலிக்குப் போன அவள் அம்மாவுக்குக்கூடக் காட்டுக்குள் ஒரு மறைவு இருந்தது. காக்கி போட்ட மகளுக்கு ரோட்டோரத்தில் ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. வேண்டுமானால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

மந்திரி ஒருவர் வருகிறார். ஓய்வுபெற்ற பெரிய போலீஸ் அதிகாரி ஒருவர் எழுதிய புத்தகத்தை வெளியிடப் போகிறார். 'தலைநகரக் காவல்: வரலாறும் அமைப்பும்' என்று ரோடு நெடுக ஃபிளெக்ஸ் தொங்கியது. ஃபிளெக்ஸில் புத்தகம் சிறிதாக இருந்தது, மந்திரி பெரிதாக இருந்தார். சென்னைப் போலீஸின் வரலாற்றைக் கோயமுத்தூரில் எதற்கு வெளியிட வேண்டும் என்று காலையில் இளவேனில் கேட்டதற்கு, கூட நின்ற ரசாக் ஏட்டு கொட்டாவியோடு பதில் சொன்னார்.

"பொஸ்தகம் எழுதுனவரு மகளக் கட்டிக்குடுத்த ஊரும்மா இது. மருமகன் மில்லுக்காரரு. சம்பந்திக்கு முன்னால பவுசு காட்ட வேண்டாமா?"

அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் மயிலாத்தாளின் தள்ளுவண்டி நின்றது. சுட்ட மக்காச்சோளம், வேகவைத்த கடலை. ஐம்பதைத் தாண்டிய பொம்பளை, கரியை விசிறிக்கொண்டே இளவேனில் கால் மாற்றி மாற்றி நிற்பதைப் பார்த்தாள். நாலைந்து தடவை பார்த்துவிட்டு விசிறியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங் அம்மணி, எத்தன நேரந்தான் அடக்குவ? என்ற ஊடு இந்தச் சந்துக்குள்ளதான், பச்சக் கதவு. போயிட்டு வா."

"கார் வந்துரும்ங்க்கா. எடத்த உட்டுப் போனா மெமோ."

"போ கண்ணு. ரோட்ட எவனும் சுருட்டிக்கிட்டுப் போயர மாட்டான். நாம் பாத்துக்கறேன்."

இளவேனில் போனாள். ஒண்டிக் குடித்தனம், தகரக் கதவு போட்ட கழிப்பறை, வாளியில் நிரப்பி வைத்த தண்ணீர். வெளியே வந்தபோது கண்ணில் நீர் திரண்டிருந்தது. சுகத்தினால்தான். சொம்பில் இருந்த தண்ணீரையும் எடுத்துக் குடித்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். கார் வரவில்லை, ரோடும் அங்கேயேதான் கிடந்தது.

வந்தது லாரி. பாதையில் ஒரு வண்டி கண்ணில் படக் கூடாது என்று வயர்லெஸில் உத்தரவு. இன்ஸ்பெக்டர் மோகன்குமார் ஜீப்பை விட்டு இறங்காமலே விரலை நீட்டினார். பூக்கூடை, செருப்புத் தைக்கிறவரின் குடை, மயிலாத்தாளின் வண்டி என்று விரல் போன போக்கில் எல்லாம் லாரியில் ஏறின. அடுப்புக் கரியைத் தட்டிவிடக்கூட அவகாசம் தரவில்லை. தண்ணீரை ஊற்றி அணைத்தார்கள். பாதி சுட்ட சோளக்கருதுகளோடு வண்டியைத் தூக்கியபோது ஒரு பிடி இளவேனிலின் பிடி. பக்கத்தில் நிற்கிறவள் கை கொடுக்காமல் இருக்க முடியாது.

மயிலாத்தாள் லாரியைப் பார்க்கவில்லை. இளவேனிலை மட்டும் பார்த்தாள்.

"சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வாங்கக்கா" என்றாள் இளவேனில். "வண்டி உங்க கைக்கு வரும். நாம் பொறுப்பு."

லாரி போன பிறகு ரசாக் ஏட்டு அவள் காதருகில் சொன்னார்: "பொறுப்பு கிறுப்புன்னு வாய உட்டுட்டயேம்மா. ஆறு மணிக்குள்ள அய்யா வாயில இருந்து ஒரு வார்த்த வரணும். வந்துச்சுன்னா ஸ்டேஷன்ல கேஸ் எழுதற ரைட்டர் வண்டிய உட்ருவாரு. இல்லீன்னா கேஸு. கேஸு போட்டா கோர்ட்டு. கோர்ட்டுல இருந்து வண்டி வாரப்ப சக்கரம் இருக்காது, அடுப்பு இருக்காது, தகரம் வேணா கொஞ்சம் இருக்கும்."

அந்த ஒரு வார்த்தைக்காக இளவேனில் மிச்சப் பகல் முழுக்க இன்ஸ்பெக்டரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோகன்குமார் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது, அதற்கும் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டும். மேலே இருப்பவரைப் பார்த்தால் குனிவார், கீழே இருப்பவரைப் பார்த்தால் நிமிர்வார். நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்தே அவருக்கு இடுப்பு தேய்ந்திருக்கும்.

மந்திரி வந்தார், அரங்கத்துக்குள் போனார், ரிப்பனைப் பிரித்துப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார், படம் எடுத்ததும் கிளம்பிவிட்டார். அவரோடு கட்சிக்காரர்கள் கிளம்பினார்கள். அவர்களோடு பிரியாணிப் பொட்டலமும் கிளம்பியது. அரங்கத்தில் மிச்சம் இருந்தவர்கள் சம்பந்தி வீட்டாரும், நிழலுக்கு ஒதுங்கிய இரண்டு டிரைவர்களும். மேடையில் எழுத்தாளர் இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை.

இதை முன்கூட்டியே யோசித்துத்தான் போலீஸ்காரர்கள் எல்லோரையும் காக்கி இல்லாமல் மஃப்டியில் ஒரு செட் துணி கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஒரு மாநகரத்தின் திருட்டுகளைக் கண்டுபிடிக்க இந்த முன்யோசனையில் கால்வாசி இருந்தால் போதும். ஆண்கள் வேனுக்குப் பின்னாலும் பெண்கள் வேனுக்குள்ளும் உடை மாற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் ரோட்டில் நின்ற போலீஸ் எல்லாம் பொதுமக்களாகி, பொதுமக்களுக்கென்று போட்ட நாற்காலிகளில் வரிசையாக வந்து உட்கார்ந்தது. இளவேனில் சுடிதாரில், காலில் ரப்பர் செருப்போடு, நாலாவது வரிசையில். எஸ்.ஐ. ஒருவர் நாற்காலிகளுக்கு நடுவே குனிந்து நடந்து கேள்வி பங்கிட்டார்.

"நீ, தலைநகரத்துல மொத ஸ்டேஷன் எங்க இருந்துச்சுன்னு கேளு. நீ, மோப்ப நாயி எப்ப வந்துச்சுன்னு கேளு. ஏம்மா, நீ பெண் போலீஸ் எப்ப வந்துச்சுன்னு கேளு. கேக்கறப்ப சிரிச்ச மொகமாக் கேளு."

எழுத்தாளர் பேசினார். குரல் நன்றாகத்தான் இருந்தது. வெள்ளைக்காரன் கோட்டை கட்டின காலத்தில் சென்னைப் பட்டணத்தைக் காவல் காக்கப் பெத்த நாயக்கர் என்று ஒருவரை வைத்திருந்தார்களாம். அவருக்குக் கீழே தலையாரிகள். பட்டணத்தில் யார் வீட்டிலாவது களவு போய், திருடன் அகப்படாவிட்டால், போன பொருளுக்குப் பெத்த நாயக்கரே ஈடு கட்ட வேண்டுமாம். "எப்படிப்பட்ட வேடிக்கையான ஏற்பாடு பாருங்கள்!" என்று சிரித்தார். முன்வரிசையில் மோகன்குமாரும் சிரித்தார். சம்பந்தி சிரித்தாரா என்று எழுத்தாளர் எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு கமிஷனர் பதவி வந்தது. வந்ததும் அந்த வேடிக்கை ஒழிந்துபோய், அமைப்பு உருவானது.

அமைப்பு திரையில் விரிந்தது. உச்சியில் ஒரு கட்டம், அதிலிருந்து கோடுகள், கோடுகளின் நுனியில் கட்டங்கள். கூடுதல், இணை, துணை, உதவி. சட்டம் ஒழுங்கு ஒரு பக்கம், குற்றப்பிரிவு ஒரு பக்கம், போக்குவரத்து ஒரு பக்கம். படம் கீழே வர வரக் கட்டங்கள் சிறுத்து எழுத்துகள் எறும்பாகின. இளவேனிலின் பதவியான இரண்டாம் நிலைக் காவலர் என்ற கடைசிக் கட்டம் திரைக்குள் அடங்காமல், மேடையில் வைத்திருந்த பூங்கொத்தின் மேல் விழுந்தது. இளவேனில் அந்தப் பூங்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தில் கோடுகள் எல்லாம் மேலிருந்து கீழே வந்தன. கீழிருந்து மேலே போகும் கோடு ஒன்றுகூட இல்லை. மந்திரியின் காருக்காக மயிலாத்தாளின் வண்டி லாரி ஏறியது அந்தக் கோடு வழியாகத்தான். அது திரும்பி வர எந்தக் கோட்டைப் பிடிப்பது? பக்கவாட்டுச் சுவரில் கடிகாரம் ஐந்தைத் தாண்டிவிட்டிருந்தது.

கேள்வி நேரம் வந்தது. மோப்ப நாய் வந்தது, முதல் ஸ்டேஷன் வந்தது. எஸ்.ஐ. இளவேனிலைப் பார்த்துத் தாடையை ஆட்டினார். அவள் எழுந்தாள். மைக் கைக்கு வந்ததும் பெண் போலீஸ் எப்போது வந்தது என்பது அவளுக்கு மறந்தே போனது.

"அய்யா, அந்தக் காலத்துல களவு போனாக் காவக்காரரே ஈடு கட்டோணும்னு சொன்னீங்க. இன்னைக்கு மத்தியானம் கார் போற பாதைன்னு சொல்லி, ஒரு அம்மாவோட சோளக்கருது வண்டியப் போலீஸே தூக்கிட்டுப் போயிருச்சுங்க. கேஸ் போட்டா அந்தம்மாவுக்குப் பொழப்பே போயிரும்ங்க. அதத் திருப்பிக் குடுக்கறது இந்தப் படத்துல எந்தக் கட்டத்துல இருக்கறவரு வேலைங்க அய்யா?"

 சம்பந்தி முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுத்தாளர் திரையில் இருந்த கட்டங்களைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, தலைநகரத்தின் அத்தனை வரலாறும் ஒரு சோளக்கருது வண்டிக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றது. பொதுஜனம் ஒருத்தி கேட்டுவிட்டாள், பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்போது எழுத்தாளர் அவளைப் பார்த்தார். நன்றாக, தலையிலிருந்து கால் வரை பார்த்தார். ரப்பர் செருப்பில் குதிகால் இரண்டும் ஒட்டியிருந்தன. முன்பாதங்கள் விரிந்திருந்தன. மைக் பிடிக்காத கை சுடிதாரின் பக்கத் தையலோடு விறைத்து, விரல் மடங்கிக் கட்டைவிரல் முன்னால் நின்றது. நெஞ்சு நிமிர்ந்து, பார்வை அவர் தலைக்கு மேலே எங்கேயோ இருந்தது. முப்பது வருஷம் அணிவகுப்பு பார்த்த கண் அட்டென்ஷனைக் கண்டுகொண்டது.

"நீ எந்த ஸ்டேஷன்மா?" என்றார்.

யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். வாய் யோசிக்கவில்லை. ஸ்டேஷன் பெயர், தன் பெயர், நிலை, நம்பர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்து "அய்யா!" என்று முடித்தாள்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. சிரித்ததில் முக்கால்வாசி போலீஸ். எழுத்தாளருக்கு உயிர் வந்தது. "பாருங்கள், நம் காவலர்களுக்கு வரலாற்றில் எவ்வளவு ஆர்வம்! உன் சந்தேகத்தை உன் இன்ஸ்பெக்டரிடம் கேட்டுக்கொள்ளம்மா" என்றார். கைதட்டினார்கள். அடுத்த கேள்வி, கமிஷனர் அலுவலகக் கட்டடத்தின் தூண்கள் பற்றி.

மோகன்குமார் அவளைக் கார் நிறுத்துமிடத்தில் பிடித்தார். சத்தம் போடவில்லை, அதுதான் மோசம்.

"பப்ளிக்கா உக்காருன்னா, நெசமாவே பப்ளிக் ஆயிட்டியா?"

"அய்யா, அந்த வண்டிக்கு ஒரு வார்த்த மட்டும்..."

"ஒரு வார்த்ததானே?" போனை எடுத்தார். ரைட்டரை அழைத்தார். "அந்தச் சோளக்கருது வண்டிக்கு மட்டும் மொதல்ல கேஸ் போட்ரு. மத்ததெல்லாம் உட்ரு." போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ரசாக் ஏட்டு பக்கத்தில் வந்து நின்றார். பல்லைக் குத்திக்கொண்டே போய்விட்டார்.

இளவேனில் ஸ்டேஷனுக்குப் போனபோது செருப்புத் தைக்கிறவர் குடையை வாங்கிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார். பின்பக்கம், பிடிபட்ட பைக்குகளுக்கு நடுவே மயிலாத்தாளின் வண்டி நின்றது. சக்கரத்தில் சங்கிலி. கருதுகள் எல்லாம் தீர்ந்து, கொறித்த தக்கைகள் அடுப்புச் சாம்பல் மேல் கிடந்தன. காவலில் இருக்கும் பொருள், காவலர்கள் பாதுகாத்திருந்தார்கள்.

மயிலாத்தாள் எதிர்ப்பக்கக் காம்பவுண்டுச் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். இளவேனிலைச் சுடிதாரில் அடையாளம் தெரியச் சற்று நேரம் ஆனது.

"வாரியா கண்ணு. எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்கொ. என்றதுதான் பாக்கி."

"அக்கா... உங்க வண்டிக்குக் கேஸ் போட்டுட்டாங்க்கா."

"என்றதுக்கு மட்டுமா?"

"ஆமாங்க்கா."

"ஏனாம்?"

மேடையையும் படத்தையும் பெத்த நாயக்கரையும் இளவேனில் விட்டுவிட்டாள்.  "நான் கேட்டதுனாலங்க்கா" என்றாள்.

 மயிலாத்தாள் முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, சேலையின் பின்புறத்தைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "செரி, நாம் போறேன். நீயும் காலைல இருந்து நிக்கறவ. ஊட்டுக்குப் போ" என்றாள். அதில் கோபம் இருந்ததா என்று இளவேனிலால் கண்டுபிடிக்க முடியவில்லை. டவுன் பஸ்களின் வெளிச்சத்துக்கு நடுவே கையை நீட்டி வண்டிகளை நிறுத்தியபடி, மயிலாத்தாள் தனியாக ரோட்டைக் கடந்து போனாள். தள்ளிப் பழகிய கைகள் இரண்டும் இடுப்புயரத்துக்கு எழும்பியதும், பிடிக்க ஒன்றுமில்லாமல் தாழ்ந்தன.

மயிலாத்தாளுக்கு இளவேனில் ஒரு தள்ளுவண்டி கடன்பட்டிருந்தாள். நாலு சக்கரம், ஒரு அடுப்பு, மேலே ஒரு தார்ப்பாய்.