இரண்டு குடம் தண்ணீர்

தையல்காரம்மாவின் வாய் ஓய்ந்து தெருவில் யாரும் பார்த்ததில்லை. அந்த ஒரு வாரம் ஓய்ந்தது. மகள் கைக்குழந்தையோடு வருகிறாள், மாடியில் ஓர் அறை எழுப்ப வேண்டும். பழைய தளம் பாரம் தாங்குமா என்று பார்க்க, இன்ஜினியர் அதில் மூன்று இடத்தில் குடைந்து துண்டெடுத்துப் போயிருந்தார். தாங்காதென்றால் இடிக்க வேண்டியதுதான்.

அவளைத் தூங்கவிடாதது வேறு சங்கதி. பதினாறு வருஷத்துக்கு முன், தளம் போட வந்திறங்கிய ஆற்று மணல் பவுடர் மாதிரி இருந்தது. திருப்பி அனுப்பச் சொன்னார் மேஸ்திரி. இவள்தான் விடவில்லை. அவர் முணுமுணுத்தபடி மணலைக் குறைத்து ஜல்லியைக் கூட்டினார். தண்ணீரை மருந்து போல அளந்து விட்டார். தளம் இறுகிய பிறகு, இருபது நாள் விடாமல் தண்ணீர் ஊற்றச் சொல்லி உயிரை வாங்கியதும் அதே மனிதர்தான். ஆனாலும் ‘தண்ணிக் கஞ்சன்’ என்று இவள் வைத்த பெயர்தான் தெருவில் நிலைத்தது. தளம் போட்ட அன்று, கெட்டிக் கலவையோடு ஆட்கள் மல்லுக்கட்டுவதைப் பார்த்துப் பொறுக்காமல், மேஸ்திரி டீ குடிக்கப் போன நேரம் இரண்டு குடம் தண்ணீரைச் சத்தமில்லாமல் கலவையில் கவிழ்த்துவிட்டாள்.

இன்ஜினியர் வந்தார். “மூணு துண்டும் கல்லு மாதிரி இருக்கும்மா. கம்பியில துருவே இல்ல. தாராளமா கட்டுங்க.”

அன்று சாயங்காலமே மேஸ்திரி வீட்டில் போய் நின்றாள்.

“மேஸ்திரி, அன்னைக்கு நீங்க டீக்குப் போனப்ப நான் ஒரு தப்பு...”

“எத்தனை குடம்மா?”

“ரெண்டு.”

“நான் மூணுன்னு நினைச்சேன். பொடி மணல் சும்மாவே தண்ணி கேக்கும். கேக்கறதெல்லாம் ஊத்தினா, காய்ஞ்சப்புறம் உள்ள பூரா ஓட்டை. அந்தக் கலவை கரண்டில நிக்காம வழிஞ்சுது. அதைப் போய்த் தலைக்கு மேல போடுவேனா?”

“அப்ப எங்க போட்டீங்க?”

“உங்க துவைக்கிற மேடையில.”

பதினாறு வருஷமாகப் பொரிந்து பொரிந்து உதிரும் மேடை. துணி துவைக்கும்போதெல்லாம், நாலு வீடு கேட்க அவர் வேலையைத் திட்டாமல் இவள் குனிந்ததில்லை.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்க எங்கம்மா பேச விட்டீங்க?”

சிரிக்கப் போனவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கழுத்தில் கிடந்த டேப்பை உருவினாள். “எழுந்திருங்க. சட்டைக்கு அளவெடுக்கணும்.”

மாடித் தளம் போட்ட அன்று மேஸ்திரி அந்தப் புதுச் சட்டையில் வந்தார். தையல்காரம்மா வீட்டிலிருந்த குடங்களையெல்லாம் ஓர் அறையில் வைத்துப் பூட்டி, சாவியை அவர் கையில் கொடுத்தாள்.