ஓரகத்திகளின் முட்டிவலி

முட்டிவலிக்கான புதுக் களிம்பைப் பாதிப் பேருக்கும், மருந்தே கலக்காத வெறும் களிம்பை மீதிப் பேருக்கும் கொடுத்திருந்தாள் ஆய்வு மாணவி. குழாயும் வாசனையும் ஒரே மாதிரி. யாருக்கு எது என்று அவளுக்கே கடைசியில்தான் தெரிந்தது. மருந்து மயிரிழையில் தோற்றிருந்தது. முனைவர் பட்டமும் அதே இழையில் தொங்கியது. காரணம், வெறும் களிம்பு தடவிய ஒருத்தி மான் மாதிரி மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள்.

மாணவி அவளுக்குப் போன் போட்டாள். "அக்கா, வேற மருந்து ஏதாவது எடுத்தீங்களா?"

"ஐயோ, எல்லாம் உன் களிம்புதாம்மா! என் மூத்த ஓரகத்தியும் உங்கிட்டதானே வாங்கினா? அவளுக்கு நல்லதைக் குடுத்துட்டு எனக்கு மட்டமானதைத் தள்ளிட்டியோன்னு எனக்குச் சந்தேகம். அவளுக்கும் அப்படியே. சண்டை முத்தி, எங்க மாமியார் ரெண்டையும் ஒரே கிண்ணத்துல பிதுக்கிக் கலக்கி, 'இப்ப அடிச்சுக்குங்கடி'ன்னுட்டாங்க."

விஷயம் கேட்ட வழிகாட்டிப் பேராசிரியருக்கு இது கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதை. "விதியை மீறிட்டா. இளையவளைக் கணக்குலேருந்து தூக்கிடு, மருந்து ஜெயிச்சிடும்."

"மூத்தவ?"

"அவளுக்குக் குடுத்தது மருந்து. வலியும் குறைஞ்சிருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

"கிண்ணம் ஒண்ணுதானே சார்? மூத்தவ தொட்டா மருந்து, இளையவ தொட்டா குத்தமா?"

"உனக்குப் பட்டம் வேணுமா, பட்டிமன்றம் வேணுமா?"

"பட்டம்தான். அதனாலதான் மத்த எல்லாருக்கும் போன் போட்டேன்."

பேராசிரியரின் சிரிப்பு சுருங்கியது. "எதுக்கு?"

"நமக்கு வேண்டாதவளை மட்டும் கேட்டா அது விசாரணை இல்ல சார், களையெடுப்பு. இன்னும் பல வீட்டுல இதே கூத்து. ஒரு மாமனார் தன் குழாயை நாய்க்குத் தடவிட்டு, மருமகனோடதைச் சுருட்டிக்கிட்டாராம்."

"நாய் எப்படி இருக்கு?"

"ஜோரா ஓடுதாம். அதுக்குப் போனது வெறும் களிம்பு."

பேராசிரியர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "நடந்ததை நடந்தபடி எழுதினா மருந்து கேக்குமா கேக்காதான்னே சொல்ல முடியாது. மறுபடி முதல்லேருந்து. உன் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும்."

"போகட்டும் சார். நம்ம பேச்சை நம்பித் தடவப்போற முட்டி நம்ம முட்டி இல்லையே."

அவர் மேசையடியில் தன் வலது முட்டியை மெல்ல நீவிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி, நமக்குள்ள சொல்லு. இது கேக்குமா?"

"தெரியாது சார்."

"எங்கிட்டகூடச் சொல்ல மாட்டியா?"

"தெரிஞ்சாத்தானே சார்!"

மேசை இழுப்பறையிலிருந்து கால நீட்டிப்பு விண்ணப்பத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "இந்த வாட்டி ஒரு வீட்டுக்கு ஒரே வகை. நாய் இருந்தா முன்கூட்டியே சொல்லச் சொல்லு."